பெரியப்பாவின் நாயனமும் நான் பேசிய பேரமும்

போன வருஷம் ஆடி மாசம் நான் ஒரு நாயனத்தை உடைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் உடைத்தது நான்தான்.

நான் படிப்பது பி.காம்., மூன்றாம் வருஷம். ஊர் கள்ளக்குறிச்சி. பெரியப்பா நாகஸ்வர வித்வான். சபா கச்சேரி, ரேடியோ என்று பெயர் வாங்கியவர் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், சாமி புறப்பாடு என்று சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருஷமாக வாசிக்கிறவர். எங்கள் பக்கம் யாரும் நாகஸ்வரம் என்றோ நாதஸ்வரம் என்றோ சொல்வதில்லை. நாயனம்தான். (இரண்டில் எது சரி என்று சண்டைக்கு வராதீர்கள், அது பெரியவர்கள் சமாச்சாரம்!) லீவு நாட்களில் நானும் அவர்கூடப் போவேன். சுருதிப்பெட்டியைத் தூக்குவது, நாயனப் பையைப் பார்த்துக்கொள்வது, பந்தியில் இடம் பிடிப்பது, இந்த மூன்றும் என் டிபார்ட்மென்ட்.

அன்றைக்குக் கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழா. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கிற சின்ன ஊர். விடிய விடிய வாசித்துவிட்டுக் காலையில் வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். மலைமேல் இருந்தவரை போனில் சிக்னல் இல்லை. கீழே வர வர ஒரு வளைவில் சிக்னல் கிடைத்து, இரண்டு நாள் மெசேஜ் எல்லாம் மொத்தமாக வந்து கொட்டியது. மடியில் இருந்த பையைப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தேன். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பை சரிந்து கீழே விழுந்தது. அதன்மேல் தவில் உருண்டு விழுந்தது. தவில் எவ்வளவு கனம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பெரியப்பா பையைத் திறந்தார். மூன்றாவது துளைக்கும் நான்காவது துளைக்கும் நடுவில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கட்டைவிரலால் அந்தக் கோட்டை ஒரு தடவை தடவினார். சீவாளியை மாட்டி ஊதிப் பார்த்தார். காற்று ஒழுகியது. ஒன்றும் பேசாமல் நாயனத்தைத் துடைத்துப் பையில் வைத்து ஆணியில் மாட்டினார். இரண்டு அடி அடித்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு மாசம்கூட இல்லை. ஏழெட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியாயிற்று. எங்கள் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் பெயர் போன ஊர். 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை. மரத்தை இவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில் ஒரு விரிசலைச் சரிசெய்ய ஆள் இல்லாமலா போகும் என்று, யாருக்கும் தெரியாமல் நாயனத்தை ஒரு சிற்பியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையில் வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

"தம்பி, நான் செய்யறது கண்ணால பாக்கற மரம். இது காதால கேக்கற மரம். இதுல நான் கை வெக்கக் கூடாது. செஞ்ச எடத்துக்கே எடுத்துக்கிட்டுப் போங்க."

செய்த இடம் எது என்று பெரியப்பாவிடம் கேட்டேன். உடைந்த நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "நரசிங்கம்பேட்டை."

விருத்தாசலம் போய், அங்கிருந்து கும்பகோணம் பஸ் பிடித்துக் கொள்ளிடத்தைத் தாண்டி, மறுபடி மாயவரம் போகும் சாலையில் ஒரு பஸ். நரசிங்கம்பேட்டை ஆடுதுறைக்குப் பக்கம். தஞ்சாவூர் மாவட்டம். வழி முழுக்க பெரியப்பா பேசிக்கொண்டே வந்தார். எனக்காகப் பேசினாரா, தனக்குத்தானே பேசிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முன்காலத்தில் எல்லோரும் வாசித்தது திமிரி நாயனம். குட்டையானது. சுருதி அதிகம், நாலு, நாலரைக் கட்டை. தெருவில் சாமி வரும்போது ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசாது. உதட்டை இறுக்கி, விரலைப் பாதி மூடி, வித்வான் தன் சாமர்த்தியத்தால் அதை இழுத்துக்கொண்டு வரவேண்டும். சங்கீதம் தெரியாதவர்களுக்கு (நானும் அந்தக் கட்சிதான்) ஒரு கணக்கு: 72 மேளகர்த்தா ராகங்களில் முதல் 36-க்கும் இந்தச் சுத்த மத்யமம்தான். தோடி, கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம் எல்லாம் அந்தப் பக்கம். அப்படியென்றால் வித்வானுக்குப் பாதி ராகங்களில் ஒரு கால் நொண்டி!

பக்கத்து ஊரான திருவாவடுதுறையில் இருந்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). தோடி என்றாலே அவர்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். 1947 சுதந்திரத்தின்போது டெல்லியில் வாசித்தவர். அவருக்கு இந்தக் குறையோடு குடித்தனம் நடத்தப் பிடிக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் சொன்னார். ஆசாரி நீளத்தைக் கூட்டினார், துளையின் அளவையும் இடத்தையும் மாற்றினார். ஒன்று சரியாக வந்தால் இன்னொன்று கெடும். மறுபடி முதலில் இருந்து செய்ய வேண்டும். அவர் செய்து செய்து பார்த்து வந்து நின்றதுதான் பாரி நாயனம். நீளம் அதிகம், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, சத்தத்தில் ஒரு கனம் வந்தது, சுத்த மத்யமமும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. இன்றைக்கு நாம் கல்யாணத்தில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாரிதான்.

"கேட்டவரு பெரியவரா, செஞ்சு குடுத்தவரு பெரியவரா பெரிப்பா?" என்றேன்.

"கேக்கத் தெரிஞ்சவரும் வேணும், அத செய்யத் தெரிஞ்சவரும் வேணும். ஒருத்தரு இல்லன்னா இன்னொருத்தரு இல்ல" என்றார்.

ஆசாரி வீட்டுத் திண்ணையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் மாயவரம் பக்கத்து வயதான வித்வான். இன்னொருவர் மதுரைப் பக்கத்துப் பையன், என்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். உள்ளே கடைசல் சத்தம். மரத்தூள் வாசனை.

ஆசாரி வெளியே வந்து நாயனத்தைக் கையில் வாங்கினார். விரிசலை அவர் பார்க்கவே இல்லை. முதல் துளையின் விளிம்பில் விரல் நுனியை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இது அப்பா செஞ்சது."

நான் நாயனத்தைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். அதில் பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். துளையின் வாயை மழுக்குவதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறதாம். எழுத்து மாதிரி. அப்பாவின் எழுத்து மகனுக்குத் தெரியாதா? அதைக் கேட்டதும் அந்த வயதான வித்வான் எழுந்து வந்து நாயனத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது.

காத்திருந்த நேரத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நடு உடம்புக்குப் பெயர் உலவு. அது ஆச்சா மரம். புது மரம் ஆகாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண் மாதிரி வருஷக் கணக்கில் காய்ந்து ஈரமெல்லாம் செத்த மரம்தான் வேண்டும். இல்லாவிட்டால் செய்த பிறகு மரம் முறுக்கிக்கொள்ளும், சுருதி ஓடிப்போகும். அதைக் கடைந்து, உள்ளே மேலிருந்து கீழே அகலமாகிக்கொண்டே போகிற மாதிரி குடைய வேண்டும். நாயனத்தின் குரல் இருப்பது வெளியில் தெரியாத இந்தக் குடைவில்தான். துளைகள் மொத்தம் 12. விரல் வைப்பது 7. கீழே இருக்கிற மீதி 5-ஐ யாரும் வாசிப்பதில்லை. மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்யத்தான் அவை. அடியில் அணசு. மேலே கெண்டை, அதில் சீவாளி. சீவாளி ஆற்றங்கரைத் தட்டையில் செய்வது. திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர் போனது. ஒரு நாயனம் பேச எத்தனை கை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மதுரைப் பையன் வயதானவரிடம் கேட்டான்: "ஐயா, நீங்க எதுல ஊதுனாலும் நல்லாத்தான வரும், எதுக்கு இவ்வளவு தூரம் வர்றீங்க?"

அவர் சிரித்தார். "ஒன் வயசுல நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. மூச்சு இருக்கற வரைக்கும் எந்தக் கட்டையையும் பேச வெச்சுடலாம். மூச்சு கொறையறப்பதான் ஆசாரியோட அருமை தெரியும். நல்ல நாயனம் நம்ம மூச்ச வாங்காது. நாம குடுக்கற கொஞ்சத்தையும் வீணாக்காது. இவரு செஞ்சு குடுத்ததாலதான் நான் இந்த வயசுலயும் பத்து நிமிஷம் தோடி வாசிக்கறேன்."

பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இவர்கள் மூன்று பேரும் அதற்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பேசிக்கொண்டார்கள். யார் வீட்டு நாயனம் யார் செய்தது, எந்த வருஷம் வாங்கியது, எந்தத் துளை எப்படிப் பேசும் என்று ஓடியது பேச்சு. நம் ஆட்கள் பைக் மைலேஜ் பேசுகிற மாதிரி!

விரிசலை ஒட்டிக் கட்டுக் கட்டித் தரலாம், ஆனால் கல்யாண வாசிப்புக்குத் தாங்காது என்றார் ஆசாரி. புதிது செய்ய வேண்டும். மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார்.

இதற்குள் ஆவணி பிறந்துவிட்டது. பெரியப்பா தெரிந்தவரிடம் ஒரு நாயனத்தைக் கடன் வாங்கி வாசித்தார். கேட்டவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. முகூர்த்தம் முடிந்ததும் வழக்கமாக ஒரு தோடியோ கரகரப்பிரியாவோ எடுத்து நிதானமாக வாசிப்பார். அந்த மாசம் முழுக்க துக்கடாவாகவே வாசித்து முடித்துக்கொண்டார். தவில் மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது தடவை போனபோது நாயனம் தயாராக இருந்தது. பெரியப்பா வாசித்தார். எனக்கு அருமையாக இருந்தது. ஆசாரி மட்டும் முகத்தைச் சுளித்தார். "மேல் பஞ்சமத்துக்கு நீங்க அழுத்தறீங்க. அழுத்தாம வரணும்." பெரியப்பா பரவாயில்லை என்றார். ஆசாரி கேட்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டார். "படிக்கற பிள்ளைங்க யாராவது வந்தா குடுத்துக்கறேன். ஒங்களுக்கு வேற செய்யறேன்."

அடக்கவிலைக் கணக்கியலில் இதை அசாதாரண நட்டம் என்று எழுதுவோம். அவருக்கு அது சாதாரணமாக இருந்தது.

மூன்றாவது தடவை. புது நாயனம். பெரியப்பா சீவாளியைப் பொருத்தினார். முதலில் நீளமாக ஒரு சட்ஜம் பிடித்தார். அப்புறம் மெல்ல மேலே ஏறி மத்யமத்தில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு மாசமாகக் காலில் முள்ளோடு நடந்த ஆள் முள்ளை எடுத்ததும் காலை ஊன்றிப் பார்ப்பாரே, அப்படி. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு துளையை மட்டும் வாங்கி லேசாகச் சுரண்டிக் கொடுத்தார். மறுபடி வாசித்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

அப்புறம் விலை சொன்னார். பெரியப்பாவின் ஒரு சீசன் வருமானத்தில் பாதி.

இங்கேதான் என் வணிகவியல் மூளை வேலை செய்தது. உடைத்தவன் நான், கொஞ்சமாவது குறைத்துக் கொடுத்தால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். "ஐயா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. மரம் பழைய மரந்தான... வேலையும் சில நாள் வேலைதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடுடா!"

பெரியப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. நாயனத்தை உடைத்ததற்கு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர்! ஆசாரியிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "சின்னப் பையன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துச் சொன்ன தொகையை முழுசாகக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் சொன்னார்: "அவரு சொன்னது கம்மிடா. பழைய நாயனம் எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது. நாப்பது வருஷமா நம்ம வீட்டு அடுப்பு அதுல எரிஞ்சுது. ஒங்கப்பன் படிச்சதும் அதுல, நீ காலேஜிக்கு கட்டற பீஸும் அதுல. அதுக்கு அவங்கப்பா எப்பனா நம்ம கிட்ட பங்கு கேட்டாரா?"

நான் பதில் சொல்லவில்லை. பஸ்ஸில் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 40 நாள் வாசிப்பு என்று குறைத்தே வைத்தாலும் 40 வருஷத்துக்கு 1600 நாள். புது நாயனத்தின் விலையை 1600-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு வருவது ஒரு டீயும் வடையும். நான் குறைக்கப் பார்த்தது அந்த டீக் காசைத்தான்.

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒன்று படித்திருப்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைச் சொத்தாகக் காட்டலாம். ஒருவர் தானாக உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை ஏட்டில் காட்டக்கூடாது, ஏனென்றால் அதை அளக்க முடியாது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் அர்த்தம் அந்தத் திண்ணையில்தான் புரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் ஒரு நாயனத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாரே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது? பற்றா, வரவா?

இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி என்று ஒருவர் வயலின் செய்தார். இறந்தது 1737-ல். இன்றைக்கும் அவர் செய்த வயலினை அவர் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். உள்ளே அவர் பெயர் போட்ட சீட்டு ஒட்டியிருக்கும். நம் பக்கம் எப்படி? 'தில்லானா மோகனாம்பாள்' (1968) என்றால் எல்லோருக்கும் சிவாஜி தெரியும். திரைக்குப் பின்னால் வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று சிலருக்குத் தெரியும். அந்த நாயனங்களைச் செய்த கை எது என்று நம்மில் யாராவது கேட்டிருப்போமா?

நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். அந்த ஊரில் செய்யாததை அந்த ஊர்ப் பெயரில் விற்க முடியாது. பதிவு 10 வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆனால் ஒன்று. அந்தச் சட்டம் காப்பாற்றுவது ஊரின் பெயரை. அந்தக் கையின் பெயரைக் காப்பாற்றுவது வாசிக்கிறவர்களின் வாய்தான். திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் பேசுகிற பேச்சு நின்றுபோனால் அதைப் புதுப்பிக்க எந்த ஆபீசிலும் விண்ணப்பம் கிடையாது.

பழைய நாயனத்தை எங்கள் வீட்டில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். புதியது இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாசித்து அதைப் பழக்குகிறார் பெரியப்பா. தை மாசம் மறுபடி கல்வராயன் மலைக்குப் போனோம், ஒரு கல்யாணத்துக்கு. தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு ஓடிய பிறகு அவர் தோடியை எடுத்தார். கேட்க நாலு கிழவிகளும் நானும்தான். தவில் மாமா வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நான் அன்றைக்குப் பந்தியில் இடம் பிடிக்கவில்லை.

இறங்கும்போது அதே வளைவில் சிக்னல் வந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. என் இரண்டு கையும் மடியில் இருந்த பையின்மேல் இருந்தது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன் நண்பர்களே. அடுத்த கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வரும்போது, நாயனக்காரர் ஓய்வாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய், "இது யார் செஞ்சதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கிருந்து வந்தாலும் சரி, எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி, அவர் முகம் மலரும். ஒரு பெயர் சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.